கூண்டுக்காரரும் பச்சை வாலும்

கூண்டுக்காரருக்குக் காதுதான் கண். இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நகராட்சியில் குரங்கு பிடிக்கும் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அவர், அவருடைய மச்சினன் ஓட்டும் ஒரு வண்டி, வண்டியின் முதுகில் ஒரு பெரிய கூண்டு, ஆறு சின்னப் பொறிக்கூண்டுகள். அவ்வளவுதான் பிரிவு. ஊருக்குள் அட்டகாசம் செய்யும் குரங்குகளைப் பிடித்து, நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெருங்காட்டில் கொண்டுபோய் விடுவது வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தார்.

விடும் நேரத்தில் அவர் கூண்டைப் பார்க்க மாட்டார். கதவில் கட்டிய நீளக் கயிற்றைத் தோளுக்கு மேல் போட்டுக்கொண்டு, பத்தடி தள்ளி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று இழுப்பார். கதவு திறக்கும். குரங்குகள் ஒவ்வொன்றாகத் தகரப் பலகையில் குதித்து இறங்கும். தடக், தடக் என்று காதால் எண்ணிக்கொள்வார். பதினான்கை ஏற்றி வந்திருந்தால் பதினான்கு தடக். சில நாள் ஒன்று கூடுதலாகக் கேட்கும். அது கதவு ஆடி மோதுகிற சத்தம் என்று கழித்துவிடுவார். பிறகு கூண்டைச் சாத்தி, மூடிவந்த தார்ப்பாயைச் சுருட்டி, மிச்சமிருக்கும் வாழைப்பழ மூட்டையோடு முன்பக்கத்து மேல்கூரையில் வீசிவிட்டு ஏறி உட்காருவார். மச்சினனோ இன்ஜினை அணைக்கவே மாட்டான். கார்ச் சத்தத்துக்கும் கடைத்தெருவுக்கும் பழகியவனுக்குக் காடு என்றாலே பயம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

முதுகைக் காட்டுவது ஏன் என்று கேட்டால், குரங்கு முகத்தை மறக்காது, நாளைக்கு நம்மைத் தேடி வரும் என்று சொல்வார். உண்மையான காரணம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். வேலைக்கு வந்த முதல் வருடம், ஒரு தாய்மந்தி கதவு திறந்ததும் இறங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் காட்டவில்லை, உறுமவில்லை. சும்மா பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர் மூன்று நாள் காய்ச்சலில் எழுந்திருக்கவில்லை. நாலாம் நாளிலிருந்து நீளக் கயிறு.

வேலையில் அவருக்கு நல்ல பெயர். பிரசவ ஆஸ்பத்திரி ஜன்னலில் குரங்கு வந்து குழந்தைத் துணியை இழுத்தால் நர்ஸம்மா அவரைத்தான் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் குரங்கு குளித்தால் தலைமையாசிரியை வாசல்வரை வந்து அவரை அழைத்துப் போவார். அவர் நகராட்சியில் முதலில் சேர்ந்தது சாக்கடைப் பிரிவில். அங்கே இருந்த ஆறு வருடத்தில் அவரை யாரும் எந்த வாசலுக்குள்ளும் வாங்க என்று சொன்னதில்லை. கூண்டைக் கையில் எடுத்த பிறகுதான் ஊர் அவரை ‘வாங்க’ என்றது.

அந்த ‘வாங்க’வுக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

புதிதாக வந்த கால்நடை டாக்டர் சின்னப் பெண். கண்ணாடி போட்டவர், எதையும் இரண்டு தடவை படிப்பவர். கூண்டுக்காரரின் பதிவேட்டையும் இரண்டு தடவை படித்தார். பத்தொன்பது வருடத்தில் மூவாயிரத்து இருநூறு குரங்குகள் காட்டுக்குப் போயிருந்தன. குரங்குத் தொல்லை என்று வரும் புகார்களோ ஒன்றுகூடக் குறையவில்லை. ஊரில் மொத்தமே முந்நூறு குரங்கு இருந்தால் அதிகம், மூவாயிரம் எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மா ஆணையரிடம் போய்க் கேட்டுவிட்டார். ஆணையர் நின்ற நிலையிலேயே உத்தரவு போட்டார். இனிமேல் பிடிக்கிற ஒவ்வொரு குரங்கின் வால்நுனியிலும் பச்சைச் சாயம் பூச வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஒரே ஒரு பச்சை வால் ஊருக்குள் திரும்பி வந்தாலும் பிரிவை மூடிவிட வேண்டும். வண்டி நாய் பிடிக்கும் பிரிவுக்கு, கூண்டுக்காரர் சாக்கடைப் பிரிவுக்கு.

கூண்டுக்காரர் இதைக் கேட்டுப் பயப்படவில்லை, சிரித்தார். நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். நடுவில் ஒரு ஆறு, இரண்டு ஊர், ஒரு ரயில்வே கேட். எந்தக் குரங்கு வரும்? ஆட்டுக்குப் பூசுகிற சாயத்தைத் தன் கையாலேயே வாங்கி வந்து, திங்கட்கிழமை பதினான்கு வாலில் பூசினார். செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் விட்டார். தடக் பதினான்கு, கதவு ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை பழச் சந்தையில் தராசு பிடிக்கும் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, கடையின் தகரக் கூரை ஓரத்திலிருந்து ஒரு வால் தொங்குவதைப் பார்த்தார். நுனி பச்சை.

நிமிர்ந்தார். இடது காது கிழிந்த பெரிய கடுவன். கூரையில் உட்கார்ந்து சாவகாசமாகக் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தது. அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பழத்தைப் பார்த்தது. அவரைவிடப் பழம் முக்கியம் என்பதுபோல.

தராசுக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கூண்டுக்காரர் உம் உம் என்றார். என்ன கேட்டார், எதற்கு உம் சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. சொன்ன உம்முக்கு மூன்று கிலோ வாழைக்காய் பையில் விழுந்திருந்தது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேடத் தேடத் தலை சுற்றியது. ‘காது கிழிந்த கடுவன், ஒன்று’ என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஒரு இடத்தில் அல்ல, பதினோரு இடத்தில். நாலு வருடத்துக்குள் பதினொன்று. ஒவ்வொரு தடவையும் எழுதும்போது, இந்த ஊர்க் கடுவன்களுக்குச் சண்டையில் இடது காதுதான் முதலில் போகும்போல என்று நினைத்திருந்தார். அதை ஒரு கண்டுபிடிப்பாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே, என்ன ஆச்சு என்று விசாரித்தார். மறைத்துப் பழக்கமில்லாத மனிதர், சொல்லிவிட்டார். மிஷின் நின்றது.

“ஏங்க, அப்போ பத்தொம்பது வருசமா நீங்க அதுங்களைக் காட்டைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தீங்களா?”

“விளையாடாத. அது எப்படி வந்துச்சுன்னே புரியல.”

“நடந்துதான் வந்திருக்கும்.”

“மூணு நாள்லயா? ஆத்தைத் தாண்டியா? அதுக்கு என்ன காலா, சக்கரமா?”

நீங்கள் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று மனைவி சொன்னார். கூண்டுக்காரருக்கு மனம் வரவில்லை. சொன்னால் சாக்கடை. சொல்லாமல் விட்டால் அந்தப் பச்சை வாலை இன்றில்லாவிட்டால் நாளை வேறு எவனாவது பார்ப்பான், அப்போதும் சாக்கடை. பொய்யன் என்ற பெயர் கூடுதல். ஒரே வழிதான் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் அதைப் பிடித்து, இன்னும் உள்ளே கொண்டுபோய் விட்டுவிடுவது.

சனிக்கிழமை, டயர் மாற்ற வேண்டும் என்று சொல்லி வண்டியை எடுத்தார்கள். மச்சினனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் கொஞ்சமும் அதிரவில்லை. பஸ்ஸில் வந்திருக்கும் மாமா, இப்போதெல்லாம் கண்டக்டர்கள் யாரையும் கேட்பதில்லை என்றான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு. பிரிவை மூடினால் அவன் நாய் வண்டிக்குப் போவான், அங்கேயும் அதே ஸ்டீரிங்தானே.

கடுவனைப் பிடிக்க அரை நாளாகும் என்று நினைத்திருந்தார். சந்தைக்குப் பின்னால் பொறிக்கூண்டை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கதவு விழுந்ததற்குத் திடுக்கிடக்கூட இல்லை. பெரிய கூண்டுக்கு மாற்றியபோது தானாக ஏறி, ஓரமாக, காற்று வரும் பக்கம் இடம் பிடித்தது. ஜன்னல் சீட் கிடைத்த பயணி மாதிரி.

கூண்டுக்காரருக்கு இது என்னவோ சரியாகப் படவில்லை. ஆனால் எது சரியில்லை என்றும் சொல்லத் தெரியவில்லை. தார்ப்பாயை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினார். வழி தெரியக் கூடாது அல்லவா?

வழக்கமான இடத்தைத் தாண்டி இன்னும் ஒன்பது கிலோமீட்டர் உள்ளே போனார்கள். மச்சினன் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. ரோடு முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில் இதற்கு மேல் ஒரு அடி நகராது என்று வண்டியை நிறுத்திவிட்டான். கூண்டுக்காரர் தார்ப்பாயைச் சுருட்டி மேலே எறிந்தார். அன்று அவசரத்தில் அதை முதலிலேயே செய்துவிட்டார். பத்தடி தள்ளி நின்று முதுகைக் காட்டிக் கயிற்றை இழுத்தார். இழுத்த கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டார், கதவு ஆடக்கூடாது, சத்தம் குழம்பக்கூடாது என்று.

தடக்.

ஒன்று. இறங்கிவிட்டது. மூச்சு விட்டார்.

தடக்.

கூண்டுக்காரர் அப்படியே நின்றார். ஒரு குரங்கு எப்படி இரண்டு தடவை இறங்கும்? கதவு என்று கழிக்கலாம் என்றால் கயிறு அவர் கையில் விறைப்பாக இருக்கிறது. இரண்டாவது சத்தம் கொஞ்சம் உயரத்திலிருந்து வந்ததுபோலவும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் கழித்துவிட்ட அந்தக் கதவுச் சத்தங்களெல்லாமே உயரத்திலிருந்துதான் வந்தனவோ? திரும்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பத்தொன்பது வருடப் பழக்கம் கழுத்தைத் திரும்ப விடவில்லை. கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டே பின்னால் நடந்து வந்து, கூண்டைச் சாத்திவிட்டு ஏறிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டாவது தடக் மண்டையைக் குடைந்தது. பாதி தூரத்தில் ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு டீக்கடை. எப்போதும் நிறுத்துகிற இடம். இருவரும் வழக்கம்போல உள்ளே போய், ரோட்டுக்கு முதுகைக் காட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மச்சினன் இரண்டு டீ சொன்னான். டீக்கடைக்காரர் டீயை வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு பன்னை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

இதுவும் எப்போதும் நடப்பதுதான். அவர் பன்னோடு போவதையும் பன் இல்லாமல் வருவதையும் கூண்டுக்காரர் நாலு வருடமாகப் பார்த்திருக்கிறார். கேட்டதில்லை. இன்று கேட்டார்.

“பன்னு யாருக்குங்க?”

“உங்க ஆளுக்குத்தான்.”

“எங்க ஆளா? நாங்க ரெண்டு பேருதானே?”

“மேல உக்காந்து வருமே, காது கிழிஞ்சது.” டீக்கடைக்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார். “நீங்க வளக்குற குரங்கு இல்லையா அது?”

மச்சினன் டீயைத் துப்பிவிட்டான். கூண்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்து, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன் வண்டியின் மேல்கூரையை நிமிர்ந்து பார்த்தார். சுருட்டிய தார்ப்பாய்க்குள் பாதி உடம்பு. பக்கத்தில் வாழைப்பழ மூட்டை, வாய் அவிழ்ந்து கிடந்தது. ஒரு கையில் பன். கீழே தொங்கிய வால்நுனியில் பச்சை.

இத்தனை நாள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று டீக்கடைக்காரரிடம் கேட்டபோது, குரல் கெஞ்சலாகத்தான் வந்தது. உங்கள் வண்டி, உங்கள் குரங்கு, நான் என்னத்தைச் சொல்ல என்று அவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மச்சினன் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். “மாமா, பஸ்ஸுன்னு நான் சொன்னேனா இல்லையா? பஸ்ஸு நம்மதுதான், அதான் தெரியாமப் போச்சு.”

வண்டியைக் காட்டுக்குத் திருப்புவதா, ஊருக்கு விடுவதா என்று கூண்டுக்காரர் முடிவு செய்வதற்குள் அவன் ஊருக்கே விட்டான். ஷெட்டில் வண்டி நின்றதும் கடுவன் இறங்கி, முதுகைச் சொறிந்துவிட்டு, மதில் ஏறிச் சந்தைப் பக்கம் போனது. அவர் நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இத்தனை வருடமும் நாம்தான் அதைக் கொண்டுபோனோமா, அதுதான் நம்மைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்ததா?

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, சாக்கடைப் பிரிவுக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று அவரே கேட்டார். டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்ட பிறகு முகம் மாறியிருந்தது.

“அண்ணே, மீதி பதிமூணு?”

“அதுங்க காட்டுக்குள்ள போயிருச்சும்மா.”

“பாத்தீங்களா?”

“கேட்டேம்மா.”

தான் சொன்ன பதில் தன் காதிலேயே விழுந்தபோது கூண்டுக்காரருக்கு உடம்பு கூசியது. மூவாயிரத்து இருநூறையும் அவர் கேட்டுத்தான் இருக்கிறார்.

கடுவன் தானாகத் திரும்பி வரவில்லை, இலாகா வண்டிதான் ஏற்றி வந்தது என்று ஆணையருக்கு எழுதுகிறேன், அதனால் பிரிவை இப்போதைக்கு மூட வேண்டியதில்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் மற்றவை எங்கே போயின என்று நேரில் பார்த்து வந்து சொன்னால்தான் அதன்கீழே கையெழுத்துப் போடுவேன் என்றும் சொன்னார்.

அடுத்த நாளே கிளம்பினார்கள். பிரசவ ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே பிடித்து, அவசரத்தில் வாலில் சாயம் பூசாமலே வைத்திருந்த எட்டுக் குரங்குகள் கூண்டில் இருந்தன. வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. கூண்டுக்காரர் கயிற்றோடு பத்தடி தள்ளிப் போனார். கால் தானாகத் திரும்பி முதுகைக் காட்டி நின்றது. அதைப் பிடித்துத் திருப்புவதுபோல உடம்பைத் திருப்பினார். கூண்டை நேராகப் பார்த்துக்கொண்டு இழுத்தார்.

எட்டும் இறங்கின. அவர் மனதில் இத்தனை வருடமாக ஓடிய படத்தில், இறங்கிய குரங்கு ஒரே தாவில் மரத்துக்குப் போய், கிளைக்குக் கிளை தாவிப் பச்சைக்குள் மறைந்துவிடும். இவை மறையவில்லை. ரோட்டோரம் வந்து வரிசையாக உட்கார்ந்தன. மரத்தை ஒரு தடவை பார்த்தன, ரோட்டை ஒரு தடவை பார்த்தன. பிறகு அவரைப் பார்த்தன.

புதருக்குப் பின்னாலிருந்து இன்னும் சில வந்தன. வண்டிச் சத்தம் கேட்டு வந்தவைபோல. வால்நுனிகள் பச்சை. எண்ணினார், இந்தத் தடவை கண்ணால். ஒன்பது. பதின்மூன்றில் மீதி நாலு எங்கே என்று சுற்றிப் பார்த்தார். தெரியவில்லை. காட்டுக்குள் போய்ப் பிழைத்துக்கொண்டனவா, வேறு ஏதாவது ஆயிற்றா, அதுவும் தெரியவில்லை. ஒன்பதில் ஒரு மந்தி விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. எதிரே வந்த லாரியிலிருந்து யாரோ ஒரு பொட்டலத்தை வீச, எல்லாம் அதை நோக்கி ஓடின. லாரி போனதும் திரும்பவும் வந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தன. பல்லைக் காட்டவில்லை, உறுமவில்லை. சும்மா பார்த்தன.

“மாமா, ஏறுங்க. எல்லாம் நம்மளையே பாக்குதுங்க,” என்று உள்ளிருந்து மச்சினன் கத்தினான்.

“இருடா. பாக்கட்டும்.”

அரை மணி நேரம் நின்றார். காய்ச்சல் வருமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வரவில்லை.

டாக்டரம்மா கொடுத்த தாளில் ‘காட்டுக்குள் சென்றன’, ‘செல்லவில்லை’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. எதில் குறி போடுவது? அந்த ரோடே காட்டுக்குள்தானே இருக்கிறது? கட்டங்களை விட்டுவிட்டுக் கீழே தன் கோணல் எழுத்தில் எழுதினார். ‘புதிது எட்டு, பச்சை வால் ஒன்பது பார்த்தேன். ரோட்டில் உட்கார்ந்திருந்தன. நாலைக் காணவில்லை. ஒன்று இளைத்திருக்கிறது.’

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருடப் பதிவேட்டில் இல்லாதது இந்த நாலு வரியில் இருக்கிறது என்று சொல்லி, அதையே ஆணையருக்கு அனுப்பினார். புதிய உத்தரவு வந்தது. குரங்கு பிடிப்பது மறு உத்தரவு வரும்வரை நிறுத்தம். கூண்டுக்காரர் வாரம் ஒரு முறை காட்டுக்குப் போய், விட்ட குரங்குகளைப் பார்த்து எழுதி வர வேண்டும்.

சாக்கடைக்கும் போகவில்லை, கூண்டும் கையில் இல்லை. சரி, இப்போது உங்கள் வேலைதான் என்ன என்று மனைவி கேட்டார். பார்க்கிறது, என்றார் இவர். அதற்கா சம்பளம் என்று அவர் மிஷினை ஓட்டினார். ஆஸ்பத்திரி நர்ஸம்மா மட்டும் இன்னும் ‘வாங்க கூண்டுக்காரரே’ என்கிறார். இனிமேல் குரங்கு வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டதற்கு, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கள்தோறும் வண்டி காலிக் கூண்டோடு கிளம்புகிறது. முதல் திங்களன்று ஷெட்டை விட்டு வெளியே வரும்போதே மேல்கூரையில் ஒரு தடக் கேட்டது. மச்சினன் அவரைப் பார்த்தான். அவர் ஓட்டு என்று கையைக் காட்டினார். காட்டில் கடுவன் இறங்கி, ரோட்டோரத்துக் கூட்டத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. இளைத்த மந்திக்குப் பேன் பார்த்தது. இவர் எழுதி முடித்து வண்டியில் ஏறியதும் அதுவும் ஏறிக்கொண்டது. டீக்கடையில் பன்னுக்குச் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.

அன்றைய அறிக்கையில் ‘சென்றவை’ என்று ஒரு பத்தி, ‘வந்தவை’ என்று ஒரு பத்தி இருந்தது. காது கிழிந்த கடுவனை எதில் எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதன் வீடு அங்கேயா, இங்கேயா? கடைசியில் இரண்டு பத்தியிலும் எழுதினார்.

கூட்டல் சரியாக வரவில்லை என்று டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் திருப்பி அனுப்புகிறார். அவரும் ஒவ்வொரு வாரமும் அப்படியே எழுதிக் கொடுக்கிறார்.